நான்கு நாள் குஞ்சுகளில் சேவல் எது, பெட்டை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பன்னிரண்டு குஞ்சுகள் இருக்கின்றன, சேவல்களை இப்போதே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்கிறீர்கள். தாய் தகப்பன் என்ன இனம் என்றும் தெரியாது. அப்படியென்றால் தயவுசெய்து இப்போது எதையும் கொடுக்காதீர்கள், ஆறு வாரம் பொறுங்கள். நான் முதன்முதலில் வளர்த்த குஞ்சுகளில் ஒன்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கும், தீவனத்துக்கு முதல் ஆளாக ஓடி வரும். சேவல்தான் என்று முடிவு கட்டிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாறு மாதத்தில் அது முட்டையிட ஆரம்பித்தது. அன்றிலிருந்து குஞ்சின் துடுக்கை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

இறக்கையை விரித்துப் பார்க்கும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓரத்தில் இரண்டு வரிசையாக இறகுக் குருத்துகள் தெரியும். கீழ் வரிசை நீண்டும் மேல் வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை, இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் சேவல் என்பார்கள். இது பொய்யில்லை. ஆனால் இறகு சீக்கிரம் முளைக்கும் சேவலையும் தாமதமாக முளைக்கும் பெட்டையையும் வேண்டுமென்றே சேர்த்த குஞ்சுகளுக்கு மட்டும்தான் பொருந்தும். இந்தக் குணம் இசட் குரோமோசோமில், அதாவது பாலை முடிவு செய்யும் மரபு இழைகளில் ஒன்றில் இருக்கிறது. பெட்டைக்குஞ்சுக்கு அந்த இழை தகப்பனிடமிருந்து மட்டுமே வரும், அதனால் இறகும் தகப்பனைப் போல் சீக்கிரம் வரும். சேவல்குஞ்சு தாயிடமிருந்தும் ஒன்று வாங்குகிறது, தாயின் தாமதக் குணமே மேலோங்கி நிற்கும். அப்போதும் முதல் ஓரிரு நாளில் பார்த்துவிட வேண்டும். உங்கள் குஞ்சுகளுக்கு அந்த நாளும் தாண்டிவிட்டது.

எச்சத் துளையைப் பிதுக்கி உள்ளே இருக்கும் சின்ன மேட்டைப் பார்ப்பது ஜப்பானில் 1920களில் வளர்ந்த கலை. நீண்ட பயிற்சி வேண்டும். வீட்டில் முயன்றால் குஞ்சின் குடல் அடிபடும், செய்யவே செய்யாதீர்கள். கூர்முனை முட்டையில் சேவல் வரும் என்பதையும் விட்டுவிடுங்கள். ஓடு உருவாகும் முன்பே குஞ்சின் பால் முடிவாகிவிடுகிறது.

சரி, எதைத்தான் பார்ப்பது? கொண்டையை. மூன்றாவது வாரத்திலிருந்து எல்லாக் குஞ்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேவலின் கொண்டை அடியில் தடித்து, மஞ்சள் போய் இளஞ்சிவப்பாகும். அலகுக்குக் கீழே தாடியும் துளிர்க்கும். பெட்டைக்குக் கொண்டை வெளிறிய மெல்லிய கோடாகவே இருக்கும். சேவலின் கால்கள் பருமனாக இருக்கும். வால் பெரும்பாலும் பெட்டைக்குத்தான் முதலில் வரும், சேவலின் முதுகில் கொஞ்ச நாள் இறகில்லாத திட்டு தெரியும். கொண்டை சிறிதாக உள்ள இனங்களில் இதெல்லாம் தாமதமாகும். சந்தேகம் தீரவில்லை என்றால் மூன்று மாதம் வரை விடுங்கள். வாலுக்கு முன்னால் முதுகின் இரு பக்கமும் கூர்மையான, பளபளப்பான இறகுகள் தொங்கினால் சேவல். நுனி உருண்டையாக இருந்தால் பெட்டை. இந்த ஒரு அடையாளம் என்னை அநேகமாக ஏமாற்றியதே இல்லை.

அதுவரை ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வெவ்வேறு நிற நூல் கட்டி, வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம், கால் வேகமாகப் பருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள், இறுகினால் நூல் சதைக்குள் இறங்கிவிடும்.