டாக்கிலும் இல்லை, அப்ளிகேஷன்ஸிலும் இல்லை!

கேள்வி: மேக்கில் மவுஸ் பட்டன்களை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு குட்டி மென்பொருள் போட்டேன். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் தேடினால் காணோம், டாக்கிலும் வரவில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் இடதுபக்கப் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. இதுவும் ஆப் தானா? வேண்டாம் என்றால் எப்படித் தூக்குவது?

பதில்: ஆப் இல்லை. இதற்குப் பெயர் பிரிஃபரன்ஸ் பேன். தனி ஆப் என்றால் அதைத் திறந்ததும் தானே ஒரு பிராசஸாக ஓடும், தனக்கென்று மெனு, ஜன்னல் எல்லாம் வைத்துக்கொள்ளும். பேனுக்குத் தானாக ஓடவே தெரியாது. சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்து நீங்கள் அதன் பெயரைச் சொடுக்கினால்தான் அதற்கு உயிர் வரும், அதுவும் இரவல் ஜன்னலில். (2022-ல் வெஞ்சுரா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வரும்வரை சிஸ்டம் செட்டிங்ஸுக்குப் பெயர் சிஸ்டம் பிரிஃபரன்சஸ், பேன் என்ற பெயரும் அந்தக் காலத்து மிச்சம்தான்.)

சரி, செட்டிங்ஸை மூடிய பிறகும் மவுஸ் பட்டன் வேலை செய்கிறதே என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் பேன் வெறும் சுவிட்ச் போர்டு. உண்மையான வேலையைப் பார்ப்பது, இன்ஸ்டால் செய்யும்போதே சத்தமில்லாமல் கூட வந்த இன்னொரு நிரல், அது லாகின் ஆனதும் பின்னணியில் ஓட ஆரம்பித்துவிடும், முகமே காட்டாது. பேனை மட்டும் அழித்துவிட்டு "இன்னும் ஓடுகிறதே" என்று குழம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

விண்டோஸிலும் இதே கதை உண்டு. கன்ட்ரோல் பேனலில் இருக்கும் சிபிஎல் கோப்புகள் உண்மையில் டிஎல்எல் எனும் துணைநிரல் வகைதான், வேறொரு நிரல் ஏற்றினால்தான் ஓடும்.

என்னைக் கேட்டால், எப்போதாவது ஒருமுறை தொடுகிற அமைப்புக்குப் பேன் போதும். தினமும் கை வைக்கிற விஷயத்தை செட்டிங்ஸுக்குள் ஒளித்துவைப்பது பயனரைப் படுத்துகிற வேலை, அதற்கு மெனு பாரில் நிற்கும் ஒரு சின்ன ஆப் எவ்வளவோ மேல்.

இனி தூக்குவது. அந்த மென்பொருளோடு அன்இன்ஸ்டாலர் வந்திருந்தால் அதையே ஓட்டுங்கள், வேலை முடிந்தது. இல்லையா? ஃபைண்டரில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி கோ மெனுவைத் திறந்தால் லைப்ரரி தெரியும். அதற்குள் பிரிஃபரன்ஸ்பேன்ஸ் ஃபோல்டரில் இருப்பதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புங்கள். அங்கே இல்லையென்றால், எல்லாப் பயனர்களுக்கும் சேர்த்து நிறுவியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், டிஸ்க்கின் மேல்மட்டத்தில் இருக்கும் இன்னொரு லைப்ரரியில் தேடுங்கள், பாஸ்வேர்டு கேட்கும். அப்புறம் பின்னணியில் ஓடும் அந்த நிரலை நிறுத்த, இரண்டு லைப்ரரியிலும் லாஞ்ச்ஏஜென்ட்ஸ் என்ற ஃபோல்டரை எட்டிப்பாருங்கள், இரண்டாவதில் லாஞ்ச்டீமன்ஸையும். அந்த மென்பொருளின் பெயரோ, தயாரித்தவர் பெயரோ உள்ள கோப்பு இருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயர் புரியாத கோப்புகளைத் தொடாதீர்கள்.