கடலோர வீட்டில் வீணையை எங்கே வைப்பது?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. மாமியாரின் பழைய தஞ்சாவூர் வீணையும் மகளின் வயலினும் இருக்கின்றன. மகள் வெளியூரில் படிக்கிறாள். மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. வீணையைப் போர்வையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறோம். தந்தி துருப்பிடித்துவிட்டது, தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் மெட்டுகளும் விலகியிருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?

பதில்: முதல் வேலையாக வீணையைப் பரணிலிருந்து இறக்குங்கள். மெட்டு விலகியதற்கு அநேகமாக அந்தப் பரண்தான் காரணம். வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அடித்தவை அல்ல. தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துச் செய்த கறுப்பு மெழுகில் உட்கார்ந்திருப்பவை. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தளத்தை ஒட்டிய பரண் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மெழுகு உருகி ஓடக்கூட வேண்டாம், லேசாக இளகினாலே போதும். மெட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் காந்தார ஸ்வரம் காந்தாரமாக இருக்காது. அதை விரலால் தள்ளிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் சரியான இடத்தில் பதிக்க, தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வீணையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் இதே கதைதான்.

சரி, எங்கே வைப்பது? வீட்டின் நடு அறையில், உள்சுவர் ஓரமாக. மேற்கு வெயில் வாங்கும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், கடல் காற்று நேராக அடிக்கும் ஜன்னல் மூன்றும் வேண்டாம். தரையிலும் வேண்டாம். கறையான் ஒரு காரணம், மழை இன்னொன்று. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கட்டில் உயரத்தில் ஒரு பெஞ்சு இருந்தால் நல்லது.

மரத்துக்கு ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது சுகம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலோரத்தில் அது 80-ஐச் சாதாரணமாகத் தாண்டும். இதற்காக ஏ.சி. அறையில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரவு மட்டும் ஏ.சி. ஓடி, பகலில் ஜன்னல் திறக்கும் அறை என்றால் வேண்டாம். நிலையான ஈரத்தைவிட, தினமும் ஏறி இறங்கும் ஈரம்தான் மரத்தை அதிகம் படுத்தும். தனித்தனியாகச் செய்து ஒட்டிய ஒட்டு வீணையில், உருண்டையான குடமும் நீண்ட கழுத்தான தண்டியும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் அந்த ஒட்டு இல்லை; ஆனால் மேல்பலகையைப் பார்க்க வேண்டும்.

தந்தித் துரு உப்புக்காற்றின் வேலை. நகத்தைத் தந்தியின் மேல் ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துடைப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். துருத் தந்தி மெட்டையும் அராவிவிடும். வாசித்து முடித்ததும் விரல் எண்ணெய் போக, தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

மாதக்கணக்கில் வாசிக்காவிட்டால் வீணையைச் சுருதியில் ஒரு கட்டை இறக்கி வைக்கலாம். வயலினிலும் கொஞ்சம் இறக்கலாம், ஆனால் எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்திவிடாதீர்கள். உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி பசை போட்டு ஒட்டியது அல்ல, இறுக்கத்தில் நிற்பது. மொத்தமாகத் தளர்த்தினால் தந்தியைத் தாங்கும் குதிரையும் சாயும், அந்தக் குச்சியும் விழும். வில்லை மட்டும் கட்டாயம் தளர்த்தி வையுங்கள். மூடியே கிடக்கும் பெட்டிக்குள் வில்லின் முடியைத் தின்னும் புழுக்கள் வரும். வில்லைத் தொட்டதும் முடி கொத்தாக உதிர்ந்தால் இவைதான் காரணம். அவற்றுக்கு வெளிச்சம் ஆகாது. மாதம் ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், வாடை போகவே போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். நிறம் மாறும் வகையாக வாங்கினால், மாற்ற வேண்டிய நேரம் தெரியும்.

சரஸ்வதி பூஜையன்று ஈரச் சந்தனத்தைப் பாலிஷ் மேலேயே அப்புகிறவர்கள் உண்டு. கறை போகாது. பொட்டை உறைமேல் வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மழைக்காலத்தில் மரம் உப்பி, தந்தியை முறுக்கும் பிரடை இறுகிக்கொண்டால் குறடு போட்டுத் திருகாதீர்கள், தலை முறிந்துவிடும். காற்றோட்டமான அறையில் சில நாள் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தானே இளகும். வெயில் காலத்தில் அதே பிரடை வழுக்கினால் துளி சாக்பீஸ் தூள் போதும்.