நீண்ட ஃபிரேமும் நழுவும் முன்சக்கரமும்

கேள்வி: பழைய மவுண்டன் பைக்கைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினேன். அதே மீடியம் அளவுதான். ஆனால் ரீச் 410 மி.மீ.யிலிருந்து 455 ஆகிவிட்டது. உட்கார்ந்து மிதிக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை. எழுந்து நின்று வளைவில் திரும்பினால் முன்சக்கரம் வெளிப்பக்கம் நழுவுகிறது. ஃபிரேம் எனக்குப் பெரிதா?

பதில்: விற்பனை விளம்பரம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். ரீச் என்பது பெடல் அச்சுக்கு (இரு பெடல் கைகளும் சுழலும் மைய அச்சு) நேர் மேலிருந்து ஹெட் டியூபின் (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) உச்சி வரை கிடைமட்டமாக அளக்கும் தூரம். சீட் அந்தக் கணக்கிலேயே வராது. பழைய ஃபிரேம்களில் சீட் டியூப், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், 73 டிகிரி அளவில் சாய்ந்திருந்தது. இப்போது பல ஃபிரேம்களில் 77 வரை நிமிர்ந்துவிட்டது. ஹெட் டியூபின் உச்சி பெடல் அச்சிலிருந்து 610 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மட்டத்தில் இந்த நான்கு டிகிரியே சீட்டை ஏறத்தாழ 45 மி.மீ. முன்னே கொண்டுவந்துவிடும். ரீச்சில் கூடியதை அது விழுங்கிவிட்டது. ஆகவே உட்கார்ந்தால் பழைய வண்டி, எழுந்தால் புது வண்டி.

இனி நழுவல். ரீச்சும் நீண்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் கூடுதலாகச் சாய்ந்ததால் முன்சக்கரம் உங்களை விட்டுத் தள்ளிப் போயிருக்கிறது. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பின் அச்சிலிருந்து பெடல் அச்சு வரை 435 மி.மீ., வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) அன்று 1150, இன்று 1240 என்று கொள்வோம். எடை முழுவதும் பாதத்தில் நின்றால் முன்சக்கரத்துக்குப் போகும் பங்கு 38 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறையும். 70 கிலோ ஆளுக்கு இரண்டு கிலோதான். ஆனால் தளர்ந்த சரளையில் டயர் பிடிப்பதும் வழுக்குவதும் அந்த இரண்டு கிலோவில் இருக்கிறது.

‘இறக்கம் வந்தால் பின்னால் போ’ என்பது குட்டை ஃபிரேமும் நீள ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) இருந்த காலத்தில் தலைகுப்புற விழாமல் காப்பாற்றிய பாடம். அதைப் புது வண்டியிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்னால் போனால் கை நீண்டு விறைக்கும். விறைத்த கையால் ஹேண்டில்பாரைத் திருப்பவும் முடியாது.

சமதள வளைவில் பாதத்தில் நின்றபடி இடுப்பிலிருந்து குனியுங்கள். முழங்கைகள் வெளிப்பக்கம் விரியட்டும். தாடை ஸ்டெம்முக்கு மேலே வரட்டும். சரியான இடத்தை உள்ளங்கையே சொல்லிவிடும். அது ஹேண்டில்பாரை மிதமாக அழுத்தினால் நன்று. விரல்கள் கொக்கி போட்டு இழுத்தால் இன்னும் பின்னால்தான் இருக்கிறீர்கள். இரண்டு தண்ணீர் பாட்டில்களை வைத்து எட்டு வடிவில் சுற்றிப் பழகுங்கள்: வெளிப்பக்கப் பெடல் கீழே, உடலைவிட வண்டி அதிகம் சாயட்டும். செங்குத்தான இறக்கத்தில் இவ்வளவு குனிய வேண்டாம். அங்கே சரிவே உங்களை முன்னே தள்ளும். பெடலுக்கு மேல் நின்றாலே போதும்.

கேள்வி: ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பருக்கு என் வணக்கம். ஸ்டெம் குட்டையானால் கை பின்னால் வரும். முன்சக்கரம் இன்னும் இலேசாகும். 2010-களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் மொண்ட்ராக்கர் நிறுவனம் நீண்ட ஃபிரேமில் 10 மி.மீ. ஸ்டெம்மைப் பொருத்தியது உண்மை. ஆனால் அந்த ஃபிரேமே அதற்காக நீட்டப்பட்டது. உங்களிடம் ஏற்கெனவே 40 அல்லது 50 இருந்தால் அதைத் தொடாதீர்கள். ஸ்டெம்முக்குக் கீழே உள்ள 10 மி.மீ. ஸ்பேசர் வளையம் ஒன்றை எடுத்து மேலே வையுங்கள். ஹெட் டியூப் 65 டிகிரியானால் கை 9 மி.மீ. இறங்கி 4 மி.மீ. முன்னே போகும். காசு செலவில்லை. பின் சஸ்பென்ஷன் நீங்கள் ஏறி நின்றதும் 30 சதவீதத்துக்கு மேல் அமுங்குகிறதா என்றும் பாருங்கள். அமுங்கினால் காற்றுதான் குறைவு, பழி ஃபிரேம்மேல் விழுகிறது.

கேள்வி: கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் உள்பக்கக் கல்லில் மோதுகிறது.

பதில்: வீல்பேஸ் நீண்டால் பின்சக்கரம் உள்பக்கத்தை அதிகமாக வெட்டும். வெளி விளிம்பை ஒட்டி நுழையுங்கள். திரும்பலாம் என்று மனம் சொல்லும் இடத்தைத் தாண்டி, முன்சக்கரம் விளிம்பை நெருங்கிய பிறகு திருப்புங்கள். பார்வை வெளியேறும் பாதையில் இருக்கட்டும். கல்லைப் பார்த்தால் கல்லுக்குத்தான் போவீர்கள். மிகக் குறுகலான வளைவில் குட்டை வண்டிதான் சுலபம். வேகமான இறக்கத்தில் கிடைக்கும் நிதானத்துக்கு இது விலை. எனக்கு அது கட்டுபடியாகிறது.

கேள்வி: கட்டையைத் தாண்ட முன்சக்கரத்தைத் தூக்க முடியவில்லை. கை வலிதான் மிச்சம்.

பதில்: கையால் தூக்காதீர்கள். முதலில் பெடலில் நின்றபடியே முழங்காலை மடக்கித் தாழுங்கள். பிறகு கையை நீட்டியபடி இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய், பாதத்தால் பெடலை முன்னே தள்ளுங்கள். நீண்ட வண்டியில் இடுப்பு இன்னும் அதிகம் பின்னே போக வேண்டும். ஆகவே கட்டைக்குச் சற்று முன்னதாகவே தொடங்குங்கள்.

கேள்வி: என் உயரம் மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவில். எது வாங்கலாம்?

பதில்: குறுகலான காட்டுப் பாதையும் தாவல்களும் பிடிக்குமென்றால் மீடியம். நீண்ட, வேகமான இறக்கங்கள் என்றால் லார்ஜ். ஆனால் அதன் சீட்டை முழுவதும் இறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.