பொண்ணு நாடக டீச்சர் ஆகணும்னு நிக்கிறா, விடலாமா?

வணக்கம்மா, உங்க மெசேஜ் படிச்சேன். சின்னப் பிள்ளைங்களுக்கு நாடகம் சொல்லிக்குடுக்கப் போறேன்னு பொண்ணு அடம் பிடிக்கிறா, நடிப்ப நம்பி எப்படி பொழைக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. நடிகை ஆகப்போறான்னு நினைச்சு பயப்படுறீங்கன்னு தோணுது. அவ கேக்குறது டீச்சர் வேலைம்மா.

நாலஞ்சு வயசு கிளாஸ்ல மேடை, மேக்கப், வசனம் மனப்பாடம் எதுவும் தேவையில்ல. டீச்சர் ஒரு கதை ஆரம்பிப்பாங்க, ஆத்துல தண்ணி ஏறுது, ஆட்டுக்குட்டி அக்கரையில மாட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டு அங்கயே நிறுத்திடுவாங்க. ஒரு சால்வைய தோள்ல போட்டா அவங்க பாட்டி, கழட்டினா மறுபடி டீச்சர், இத முன்னாடியே பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருப்பாங்க. பாட்டி வந்து "எனக்கு கண்ணு சரியா தெரியலப்பா, குட்டி எங்க நிக்குது, எப்படி கூட்டிட்டு வரலாம்"னு கேட்டா, அதுவரைக்கும் வாயே திறக்காத பிள்ளையும் கைய நீட்டி வழி சொல்லும், ஏன்னா இப்ப விஷயம் தெரிஞ்சவங்க பிள்ளைங்கதான், பாட்டிக்கு ஒண்ணும் தெரியாது.

இப்படி டீச்சரே கதைக்குள்ள ஒரு ஆளா இறங்குற முறைய பிரபலமாக்கினவங்க இங்கிலாந்துல டோரத்தி ஹீத்கோட். 14 வயசுல ஸ்கூல விட்டு நெசவு மில்லுக்கு வேலைக்குப் போனவங்க, அப்புறம் நடிப்பு பயிற்சி எடுத்து, பிற்காலத்துல யுனிவர்சிட்டியில டீச்சர்களுக்கே கிளாஸ் எடுத்தாங்க. அமெரிக்காவுல விவியன் பேலின்னு ஒரு கிண்டர்கார்டன் டீச்சர், பிள்ளைங்க வாயால சொல்ற கதைய அப்படியே எழுதிக்கிட்டு அவங்கள வச்சே கிளாஸ்ல நடிக்க வைப்பாங்க. 1989ல மெக்ஆர்தர் ஃபெலோஷிப்னு அமெரிக்காவோட பெரிய விருதே கிடைச்சுது அவங்களுக்கு. அதனால இது ஏதோ டைம்பாஸ் வேலைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கஷ்டம் வேற இடத்துல இருக்கு. எல்லாருமே சிங்கமா தான் இருப்பேன்னு நிப்பாங்க, சரி அஞ்சு சிங்கம் இருந்துட்டுப் போகட்டும்னு விட தெரியணும். ஓரமா நிக்கிற பிள்ளைய கையப் பிடிச்சு இழுக்கக்கூடாது, தரையில விரலால தட்டி மழை சத்தம் குடுன்னு சொன்னா போதும், நாலு நாள்ல அதுவே உள்ள வந்துடும். ஓநாய் வந்ததும் ஒண்ணு நிஜமாவே அழும். டமாரம் தட்டினா எல்லாரும் சிலையா நிக்கணும்ங்கிற பழக்கத்த முதல் நாளே போடலேன்னா கிளாஸ் கையில நிக்காது.

வேலைன்னு பாத்தா, நாடகத்துக்கு மட்டும்னு தனி டீச்சர் போஸ்ட் கம்மிதான், மறைச்சு பேச விரும்பல. அதனால மழலையர் கல்வி இல்லேன்னா ஆரம்பக் கல்வியில டீச்சர் ட்ரெயினிங் முதல்ல முடிக்கட்டும், நாடகம் அதுக்கு மேல ஒரு டிப்ளமோவாவோ குழந்தைகள் நாடகக் குழுவுல பயிற்சியாவோ வரட்டும். கையில டீச்சர் தகுதி இருந்தா ஸ்கூல் வேலையோட லைப்ரரி, மியூசியம், லீவு ஒர்க்‌ஷாப்னு கூடுதலா செய்யலாம், ஒர்க்‌ஷாப்ப மட்டும் நம்பினா ஒரு மாசம் வரும் ஒரு மாசம் வராது. டிராமா தெரபிங்கிறது நாடகம் வழியா மனசுக்கு சிகிச்சை குடுக்கிற வேலை, அது வேற, அதுக்கு தனியா படிக்கணும், ரெண்டையும் குழப்பிக்கிற கோர்ஸ் விளம்பரத்தப் பாத்து பணம் கட்டிடாதீங்க. எந்த கோர்ஸா இருந்தாலும் பிள்ளைங்களோட நேரடியா எத்தனை மணி நேரம் பயிற்சின்னு கேளுங்க, தெளிவா பதில் சொல்லலேன்னா வேற இடம் பாருங்க.

சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. பக்கத்துல இருக்கிற அஞ்சு வயசுப் பிள்ளைங்க ஆறேழு பேர உக்கார வச்சு இருபது நிமிஷம் ஒரு கதைய அவள நடத்தச் சொல்லுங்க, நீங்க ஓரமா இருந்து சும்மா பாருங்க. பிள்ளைங்க முடிவ தலைகீழா மாத்திட்டாங்கன்னா அவ சிரிச்சுக்கிட்டே கூட போறாளா, இல்ல "அப்படி இல்ல, கதை இப்படித்தான்"னு எரிச்சலாகுறாளா? எரிச்சலானா அவளுக்கு வேண்டியது நடிப்பு தான், அத தனியா பேசிக்கலாம். பாத்துட்டு எழுதுங்கம்மா, கோர்ஸ் விஷயம் அப்புறம் முடிவு பண்ணலாம்.