பழி முழுக்க சீசர் தலையிலா?

கேள்வி: ரோமக் குடியரசுக்குக் குழி தோண்டியவர் ஜூலியஸ் சீசர்தான், ரோமின் முதல் பேரரசரும் அவர்தான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா? ரொமுலஸில் தொடங்கி சீசர் வரை வரும் பெயர்க் கூட்டத்தில் யார் யாரைப் பிடித்துக்கொண்டால் கதை புரியும்?
- வாசகர், விருதுநகர்

பதில்: நண்பர் சொன்ன இரண்டுமே தவறு. சின்னத் தவறை முதலில் தீர்த்துவிடலாம். சீசர் ஒருநாளும் பேரரசராக இருந்ததில்லை. கி.மு. 44 பிப்ரவரியில் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். மார்ச் 15-ல் 23 கத்திக்குத்துகள் வாங்கிச் செத்தார். முதல் பேரரசர், அவர் உயில் மூலம் சுவீகாரம் எடுத்த ஆக்டேவியன். கி.மு. 27-ல் அகஸ்டஸ் என்ற பட்டம் பெற்றவர்.

பெரிய தவறு, பழியைப் பற்றியது. சீசர் இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைப் படையோடு தாண்டியது கி.மு. 49-ல். அதற்கு 39 ஆண்டுகள் முன்பே பதவியிலிருந்த ஒரு கான்சல், அதாவது குடியரசின் தலைமை அதிகாரி, ரோமானியப் படையை ரோம் நகருக்குள்ளேயே நடத்திவிட்டார். அவர் பெயர் சுல்லா. உங்கள் நண்பர் அவரைத் தாண்டிக் குதித்து நேரே சீசரிடம் போய்விடுகிறார்.

வரிசையாக வருவோம். அரசர்களுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். கி.மு. 753 முதல் 509 வரை 244 ஆண்டுகளுக்கு ஏழே ஏழு பேர். தலைக்குச் சராசரி 35 வருஷம். அதிலும் பலர் படுக்கையில் சாகவில்லை. இந்தக் கணக்கை நம்ப நல்ல மனசு வேண்டும். இவர்கள் கதையை விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் லிவி, முதல் அரசர் ரொமுலஸுக்கு ஏழு நூற்றாண்டுகள் பிற்பட்டவர். இரண்டு பெயர் போதும். ஒருவர் ஆறாம் அரசர் செர்வியஸ் துல்லியஸ்: சொத்து மதிப்பை வைத்துக் குடிமக்களை வகுப்புகளாகப் பிரித்தவர் என்று மரபு சொல்கிறது. வாக்கின் எடையும் படையில் இடமும் அந்த வகுப்பைப் பொறுத்தவை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொருவர் ஏழாமவர், விரட்டப்பட்ட தார்க்வினியஸ்.

அவரை விரட்டிய லூசியஸ் புரூட்டஸ் வேறு. சீசரைக் குத்திய மார்க்கஸ் புரூட்டஸ் வேறு. நடுவில் 465 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. கொலையன்று செனட் என்ற மேட்டுக்குடிச் சபைக்கு வரத் தயங்கிய சீசரை வீட்டிலிருந்து பேசிப் பேசி அழைத்து வந்த டெசிமஸ் புரூட்டஸ் மூன்றாமவர். ரோமானியர்கள் குடும்பப் பெயர்களைத் திரும்பத் திரும்ப வைத்ததால் வரும் வினை இது. ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜின் தளபதி ஹானிபலை சாமாவில் கி.மு. 202-ல் தோற்கடித்த சிபியோ வேறு, 146-ல் கார்த்தேஜைத் தரைமட்டமாக்கிய சிபியோ வேறு. கார்த்தேஜை அழிக்கச் சொல்லி நச்சரித்த கேட்டோ, சீசரை எதிர்த்துத் தற்கொலை செய்துகொண்ட கேட்டோவின் கொள்ளுத் தாத்தா. பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் படிக்காதவர் கட்டாயம் வழுக்கி விழுவார்.

அரசனைத் துரத்தியவர்கள் போட்ட விதி எளிமையானது. கான்சல்கள் இருவர், பதவி ஓராண்டு, ஒருவர் ஆணையை மற்றவர் தடுக்கலாம். ஆபத்து வந்தால் ஒரு சர்வாதிகாரி, அதிகபட்சம் ஆறு மாதம். கி.மு. 458-ல் சின்சினாட்டஸ் 16 நாளில் எதிரியை முறித்துப் பதவியை எறிந்துவிட்டு வயலுக்குத் திரும்பினார் என்பது அவர்களுக்குப் பிடித்த கதை. சாமானியர்களைக் காக்க 494 முதல் திரிபியூன்கள் என்ற மக்கள் பிரதிநிதிகள். இத்தனையும் ஓடியது ஒரே அச்சில்: படைவீரனுக்குச் சொந்த நிலம் உண்டு, சண்டை முடிந்தால் அவனும் வீட்டுக்குப் போய்விடுவான்.

கடல்கடந்த போர்கள் அந்த அச்சை முறித்தன. வருஷக்கணக்கில் ஸ்பெயினில் கிடந்தவனின் வயல் என்னவாகும்? பொதுநிலத்தை வளைத்துப் போட்ட செல்வந்தர்களுக்கு 500 யூகரா, அதாவது சுமார் 300 ஏக்கர் என்ற பழைய உச்சவரம்பை கி.மு. 133-ல் மீண்டும் அமலாக்க முயன்றார் திரிபியூன் டைபீரியஸ் கிராக்கஸ். குறுக்கே நின்ற சக திரிபியூனை வாக்கெடுப்பில் நீக்கினார், மறுமுறையும் போட்டியிட்டார். இரண்டும் மரபு மீறல். செனட்டர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களால் அவரை அடித்தே கொன்றார்கள். மரபைக் காக்கிறோம் என்று சொல்லித்தான்! தம்பி கேயஸுக்கும் 121-ல் அதே கதி.

பிறகு தளபதி மாரியஸ். ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்த சொத்துத் தகுதியை ஓரம்கட்டிவிட்டு, கி.மு. 107-ல் சொத்தே இல்லாதவர்களையும் படையில் சேர்த்தார். ஆள் பஞ்சம் தீர்ந்தது. வேறொரு சிக்கல் பிறந்தது. செர்வியஸ் காலத்து வீரனுக்குத் திரும்பிப் போக வயல் இருந்தது. இவனுக்கு? நிலம் தரச் சட்டமில்லை, கஜானாவில் ஒதுக்கீடில்லை. தளபதி செனட்டில் சண்டை போட்டு வாங்கித் தந்தால் உண்டு. பிறகு அவன் யார் பேச்சைக் கேட்பான்?

விடை கி.மு. 88-ல் இத்தாலியின் நோலா நகருக்கு வெளியே கிடைத்தது. கிழக்கே கருங்கடல் ஓரத்துப் பொன்டஸ் நாட்டு மன்னன் மித்ரிடேட்டஸ் மீது போர் தொடுக்கும் தலைமை கான்சல் சுல்லாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எழுபதை நெருங்கிய மாரியஸுக்கு அதில் ஆசை. சுல்பிசியஸ் என்ற திரிபியூன் மக்கள் சபையில் சட்டம் போட்டுத் தலைமையை அவருக்கு மாற்றிவிட்டார். சுல்லா முகாமுக்குப் போய் வீரர்களைக் கூட்டினார். மாரியஸ் வந்தால் வேறு ஆட்களைக் கூட்டிப் போவார், கிழக்கின் கொள்ளை உங்களுக்கு இல்லை என்பதுதான் பேச்சின் சாரம். படையை ஏற்க வந்த அதிகாரிகளை வீரர்களே கல்லால் அடித்துக் கொன்றார்கள். ஆறு லெஜியன்கள், அதாவது பெரும் படைப்பிரிவுகள், ரோமை நோக்கிக் கிளம்பின. உயர் அதிகாரிகளில் ஒரே ஒருவர் தவிர மற்றவர்கள் சுல்லாவை விட்டு விலகினார்கள். தடுக்க வந்த செனட் தூதர்களின் அங்கிகள் கிழிந்தன. நகருக்குள் ஜனங்கள் கூரை ஓடுகளைப் பிடுங்கி எறிந்தபோது, வீடுகள் மீது தீ அம்பு விடச் சொன்னார் கான்சல்.

அதிகாரிகள் விலகினார்கள், சிப்பாய்கள் விலகவில்லை. குடியரசு எங்கே செத்தது என்று கேட்டால் நான் விரல் வைப்பது இங்கேதான்.

கிழக்கே போய்ப் போரை முடித்துவந்த சுல்லா, கி.மு. 82-ல் காலவரம்பற்ற சர்வாதிகாரி. கொல்லப்பட வேண்டியவர்கள் பெயரைப் பொது இடத்தில் ஒட்டினார். கொன்றவனுக்கு இரண்டு தாலந்து வெள்ளி, செத்தவன் சொத்து ஏலத்துக்கு. பிறகு செனட்டை 600 பேராக்கி, திரிபியூன்களின் பல்லைப் பிடுங்கி, பதவிக்கு வயது வரம்பு விதித்துவிட்டு 79-ல் வீட்டுக்குப் போனார். தாமே உடைத்த கதவுக்குப் பூட்டுப் போட்டார், அவ்வளவுதான். ஒன்பதே ஆண்டில், வேறெந்தப் பதவியும் வகிக்காத தளபதி பாம்பி 35 வயதில் கான்சல் ஆனார். வரம்போ 42!

செனட்டின் பங்கையும் சொல்லியாக வேண்டும். கி.மு. 62-ல் கிழக்கை வென்று திரும்பிய பாம்பி, எல்லோரும் பயந்தது நடக்காமல், இத்தாலியில் இறங்கியதும் படையைக் கலைத்தார். ஒழுங்காக நடந்தவருக்குக் கிடைத்த பரிசு: அவர் வீரர்களுக்கான நிலத்தை, பின்னால் தற்கொலை செய்துகொண்ட அந்தக் கேட்டோவும் கூட்டாளிகளும் இழுத்தடித்தார்கள். வெறுத்துப்போனவர் சீசருடனும் பெரும் செல்வந்தர் கிராசஸுடனும் கைகோத்தார். கி.மு. 59-ல் கான்சலான சீசர் அந்த நிலச் சட்டத்தை நிறைவேற்றினார். எதிர்த்த சக கான்சல் பிபுலஸின் தலையில் ஒரு கூடைச் சாணத்தைக் கவிழ்த்தார்கள். சட்டம் தந்த பாடம் படைவீரன் ஒவ்வொருவனுக்கும் புரிந்தது.

சீசரை நான் நல்லவர் ஆக்கவில்லை. கைகோத்தவர்களே பகைவர்களாகிவிட்ட கி.மு. 50 டிசம்பர் 1-ல், சீசரும் பாம்பியும் ஒருசேரப் படைகளை விட வேண்டும் என்ற தீர்மானம் செனட்டில் 370-க்கு 22 என்று ஜெயித்தது. கான்சல் மார்செல்லஸ் சபையைக் கலைத்துவிட்டு, பாம்பியிடம் போய்ப் படை நடத்தச் சொன்னார். அடுத்த மாதம் சீசர் ஒரே ஒரு லெஜியனோடு ரூபிகானைத் தாண்டினார். அந்த 22 பேரையும் கூண்டில் ஏற்றாமல் சீசருக்கு மட்டும் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

சீசரைக் கொன்றவர்கள் குடியரசு தானாக எழுந்து நிற்கும் என்று நம்பினார்கள். மறு ஆண்டே 19 வயது ஆக்டேவியன் கான்சல் பதவி கேட்டு வீரர்களை அனுப்பினார். செனட் தயங்கியபோது ஒரு செஞ்சூரியன், அதாவது நூற்றுவர் தலைவன், வாளின் பிடியைக் காட்டி, நீங்கள் செய்யாவிட்டால் இது செய்யும் என்றான். பதவி கிடைத்தது. அந்த டிசம்பரில் குடியரசின் பெரும் பேச்சாளர் சிசரோவின் தலை விழுந்தது, கி.மு. 31-ல் ஆக்டியம் கடற்போரில் ஆக்டேவியனின் கடைசிப் போட்டியாளர் ஆண்டனி தோற்றார்.

சுல்லாவின் ஆட்கள் ஏன் விலகவில்லை என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர் இந்த ஆக்டேவியன்தான். அகஸ்டஸாக, கி.பி. 6-ல் ஓய்வுபெறும் வீரர்களுக்கென்றே தனிக் கஜானா திறந்தார். சொந்தப் பணம் 17 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்), கூடவே வாரிசுச் சொத்துக்கு 5 சதவீத வரி, ஏல விற்பனைக்கு 1 சதவீத வரி. லெஜியன் வீரன் ஒவ்வொருவனுக்கும் பணி முடிவில் 12,000 செஸ்டர்ஸ். வாரிசு வரியைக் கேட்டு செனட்டர்கள் அப்போதும் முணுமுணுத்தார்கள்.