கியர்பாக்ஸை இறக்கியும் கிளட்ச் ஆயில் ஒழுகுகிறது, ஒர்க் ஷாப் மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: எனக்குச் சத்தியமங்கலம், பூ வியாபாரம். சொந்தமாக ஒரு டீசல் கார் வைத்திருக்கிறேன். போன தை மாதம் கிளட்ச் பெடல் மெத்தென்று அமுங்க ஆரம்பித்தது, ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தம் போட்டது, ஆயிலும் குறைந்தது. கோவை சத்தி ரோட்டில் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். "பிளேட்டு போயிருச்சுங்க" என்று கியர்பாக்ஸை இறக்கி வேலை செய்து 27,500 ரூபாய் வாங்கினார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள், பணம் ஜிபேயில் போட்டேன். மூன்றே வாரத்தில் மறுபடி அதே தொந்தரவு. "ஏர் புடிச்சிருக்குதுங்க" என்று ஏர் எடுத்து ஆயில் ஊற்றி 800 ரூபாய் வாங்கினார்கள். அப்புறம் மைசூருக்குக் கணக்கு முடிக்கப் போகும்போது திம்பம் மலையில் பெடல் உள்ளே போனது போனதுதான், மேலே வரவில்லை. டோ வண்டி வைத்து அதே ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். இப்போது கியர்பாக்ஸை இறக்கி வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுகிறது, 16,000 ஆகும் என்கிறார்கள். முடியாது என்றால் இறக்கின கூலியும் வண்டி நின்ற வாடகையும் கொடுத்தால்தான் வண்டி என்கிறார்கள். போலீசில் புகார் கொடுக்கலாமா? கொடுத்த பணம் திரும்ப வருமா?

பதில்: இன்றைக்கு அந்தக் கியர்பாக்ஸ் இறங்கிக் கிடக்கிறதே, அதுதான் உங்கள் வழக்கு. அவசரத்துக்குப் பதினாறாயிரத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்துவிட்டாலும் சரி, கட்டவே மாட்டேன் என்று வீம்புக்கு அங்கேயே விட்டுவிட்டாலும் சரி, ஒழுகிய சிலிண்டர் பழைய இரும்போடு போய்ச் சேர்ந்துவிடும், உள்ளே இருக்கும் ஈரத்தையும் துடைத்துவிடுவார்கள், அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வாய்ச்சொல்லும் அவர்கள் வாய்ச்சொல்லும்தான் மிஞ்சும். சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே சட்டப்பிரிவுகளுக்கு முன்னால் ஆயில் எங்கிருந்து ஒழுகியது என்பதைப் பேசிவிடுவோம்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்பது ஓர் அடைபட்ட குழாய்தான். நீங்கள் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது, அது பைப் வழியாகப் போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது, ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சைப் பிரிக்கிறது. எங்காவது ரப்பர் சீல் தேய்ந்து ஆயில் வெளியே போனாலோ காற்று உள்ளே புகுந்தாலோ கிளட்ச் முழுதாகப் பிரியாது, கியர் கரகரக்கும், ரிவர்ஸ் விழாது. பிளேட் தேய்ந்துபோனால் வரும் அடையாளம் இதற்கு நேர்மாறு: கியரெல்லாம் ஒழுங்காக விழும், ஆனால் மேட்டில் ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது, கருகிய வாடை வரும். நீங்கள் முதல் நாள் ஒர்க் ஷாப்பில் சொன்ன குறை என்ன? மெத்தென்ற பெடல், கரகரக்கும் ரிவர்ஸ், குறையும் ஆயில். மூன்றும் ஹைட்ராலிக் பக்கத்தைக் காட்டுகின்றன, பிளேட்டைக் காட்டவில்லை. அன்றைக்கு ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது ஒர்க் ஷாப் எழுதும் வேலைச் சீட்டில், இந்தக் குறைகளை எழுதியிருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், எழுதாமல் விட்டிருந்தால் நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேடிப் பாருங்கள். அந்த ஒரு வரிக்கு இந்த வழக்கில் பெரிய மதிப்பு உண்டு.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போனால் பெடலின் தண்டு வழியாக ஆயில் வழிந்து டிரைவர் காலடி மேட் நனைந்திருக்கும். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் வண்டியில் அதன் ரப்பர் மூடியை நகர்த்திப் பார்த்தால் போதும், ஈரம் தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் அது உள்ளே இருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள், அதாவது கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டான இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வகை. இதில் கசிவு வந்தால் கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தின் அடியில் சொட்டும், சரி செய்யக் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். அதனால்தான் கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்கும் நல்ல மெக்கானிக் யாரும் அந்தச் சிலிண்டரைப் பார்க்காமல் மேலே ஏற்றமாட்டார், ஆயில் குறைகிறது என்று வாடிக்கையாளர் வாய்விட்டுச் சொல்லியிருக்கும்போது கண்டிப்பாக ஏற்றக் கூடாது.

இப்போது அந்த வெள்ளைத்தாளை எடுத்து 'ரிலீஸ் பேரிங்' என்ற வரியைப் பாருங்கள், பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்திப் பிரிக்கும் பேரிங் அது. உள்ளே இருக்கும் வகையில் ரிலீஸ் பேரிங்கும் ஸ்லேவ் சிலிண்டரும் பெரும்பாலும் ஒரே உருப்படியாகத்தான் வரும். பேரிங் புதிதாகப் போட்டோம் என்றால் சிலிண்டரும் அன்றைக்கே புதிதாக மாறியிருக்க வேண்டும். மாறியிருந்தால், புதுச் சிலிண்டர் சில வாரங்களில் ஒழுகியது ஏன், அது ஒரிஜினல் ஸ்பேர்தானா, மாட்டியதில் தவறா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மாறவில்லை என்றால், மாற்றாத பொருளுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அவர்களுக்குச் சிக்கல்தான். உங்கள் வண்டி மாடலுக்கு அந்த ஸ்பேர் எப்படி வருகிறது என்று கம்பெனி ஸ்பேர் கடையில் பார்ட் நம்பரோடு ஒரு கொட்டேஷன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே நாளைக் காலையிலேயே, அந்த ஒர்க் ஷாப்புக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரையே கூப்பிடுங்கள், செலவு கொஞ்சம் ஆனாலும் அவர் கொடுக்கும் அறிக்கைக்கு எடை அதிகம். சண்டை போடாமல், "பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்" என்று சொல்லி, கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் உட்புறம், பிளேட்டின் இரண்டு முகம், சிலிண்டரில் அச்சடித்திருக்கும் எண், ஆயில் டப்பாவின் அளவு எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமும் வீடியோவும் எடுங்கள். வண்டியின் நம்பர் பிளேட்டிலிருந்து ஆரம்பித்து நிறுத்தாமல் உள்ளே போகட்டும் வீடியோ. ஃபோனிலிருந்து அழிக்காதீர்கள். கழற்றிய சிலிண்டர் உங்கள் சொத்து, அதைக் கவரில் போட்டு வாங்கி வாருங்கள்; தர மறுத்தால், தர மறுத்தார்கள் என்பதை அன்றே வாட்ஸ்அப்பில் அவர்களுக்கே எழுதி அனுப்புங்கள்.

எதிர்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே யோசித்துவிட வேண்டும். "பிரேக் பேட் தேய்ந்தாலும் டப்பாவில் ஆயில் குறையும்" என்பார்கள். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா இருக்கும் வண்டிகளில் அது உண்மைதான், ஆனால் அது பல ஆயிரம் கிலோமீட்டரில் மெல்ல மெல்லக் குறைவது, மூன்று வாரத்தில் பெடல் விழும் அளவுக்குக் குறைவது கசிவு. "நீங்களே கண்ட ஆயிலையும் ஊற்றிவிட்டீர்கள்" என்றும் சொல்லலாம். டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் எஞ்சின் ஆயில் போன்ற மினரல் ஆயில் போனால் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும், எனவே இடையில் நீங்கள் ஏதாவது ஊற்றியிருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் முதன்முதலாக வெளிவந்தால் மற்ற எல்லாமும் அடிபடும். மூன்றாவதாக, பிளேட்டும் உண்மையிலேயே தேய்ந்திருந்தது என்பார்கள். அது நடக்கக்கூடியதுதான், ஒழுகிய ஆயில் பட்டே பழைய பிளேட் கெட்டிருக்கவும் கூடும். அதனால் 27,500 முழுவதும் திரும்ப வரும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. கசிவைப் பார்க்காமல் மூடியதால் உங்களுக்கு வந்த நஷ்டம், அதாவது இரண்டாவது முறை இறக்கி ஏற்றும் லேபர், ஏர் எடுத்த 800, டோ வண்டி வாடகை, புதுப் பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் அந்தப் பிளேட், வாடகைக் கார் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, இவற்றை ரசீதோடு கேளுங்கள். பத்து லட்சம் கேட்டால் மனுவின் மீதே நம்பிக்கை போய்விடும்.

சரி, எங்கே போவது? ஈரோட்டில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு. ஒர்க் ஷாப் கோவையில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவின்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், 2020 ஜூலை 20 முதல் இந்த வசதி நடைமுறையில் இருக்கிறது, இதைத் தெரியாமல் இன்னும் பலர் எதிர்தரப்பின் ஊருக்கு அலைகிறார்கள். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நுகர்வோர் மனுக்களுக்கான ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். காலக்கெடு 69-வது பிரிவில் 2 ஆண்டு. எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் அதிகபட்சம் 15 நாள்தான் கூட்டித் தரலாம், அதற்கு மேல் தர முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தாக்கள் நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வியாபாரத்துக்கு ஓடிய கார், எனவே இவர் நுகர்வோரே இல்லை என்று ஒரு வாதம் வரலாம். பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் சொந்தத் தொழிலுக்குப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. பூ ஏவாரம் உங்கள் பிழைப்பு என்பதை மனுவில் நேரடியாக எழுதிவிடுங்கள். முறையான பில் தராமல் வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்ததை 2(47) பிரிவின் கீழ் நியாயமற்ற வணிக நடைமுறையாகவும் சேர்க்கலாம். அதற்கு, இப்போது ஒரு தடவை எழுத்தில் பில் கேட்டு வையுங்கள்.

வண்டியைப் பிடித்து வைப்பது பற்றி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 170-வது பிரிவு, வேலை செய்தவருக்குச் சேர வேண்டிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வராமல் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. ஆனால் அந்த உரிமை செய்த வேலைக்கு மட்டும்தான், செய்யாத வேலையின் எஸ்டிமேட்டுக்குக் கிடையாது. தன் பாக்கிக்காகப் பிடித்து வைத்தவர் அப்படிப் பிடித்து வைத்ததற்கே வாடகை கேட்பதும் செல்லாது. இறக்கிய கூலிக்கு மட்டும் அவர்களுக்கு ஒரு வாதம் உண்டு. அந்தத் தொகையை, "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுதி அனுப்பிவிட்டு ஜிபேயில் கட்டி, வண்டியை டோ செய்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சரி செய்யுங்கள். ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பண்ணாரி தாண்டி 27 கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டி அது.

போலீசைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம். வேலை சரியில்லை என்பது சிவில் விவகாரம் என்று சொல்லி மனுவை முடித்துவிடுவார்கள், அந்த முடிப்பு ரசீதையே எதிர்தரப்பு ஆணையத்தில் நீட்டும். சேர வேண்டிய கூலியைக் கட்டிய பிறகும் வண்டியைத் தரவில்லை என்றாலோ, பேரிங் மாற்றாமலே பணம் வாங்கியது சர்வேயர் அறிக்கையில் வெட்டவெளிச்சமானாலோ, அப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316 (நம்பிக்கை மோசடி), 318 (ஏமாற்றுதல்) பிரிவுகளை வைத்துப் பேசலாம்.

ஆதாரம் கைக்கு வந்ததும் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், கூடவே 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வையுங்கள். என் அனுபவத்தில் படங்களோடு நோட்டீஸ் போனால் பாதிப் பேர் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள். "ஸ்பேர் காசு மட்டும் குடுங்க, லேபர் வேண்டாம்" என்று வந்தால், கோவைக்கும் ஈரோட்டுக்கும் அலையும் செலவைக் கணக்குப் பார்த்து ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் புது சிலிண்டரின் கம்பெனி பில் உங்கள் பெயரில் வர வேண்டும், ஆயில் பட்ட பிளேட்டை மாற்றித் தர வேண்டும், மாட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒழுகினால் இலவசமாகச் செய்து தருவோம் என்று லெட்டர்பேடில் கையெழுத்தும் சீலும் போட்டுத் தர வேண்டும். இதில் ஒன்றுக்கு மறுத்தாலும் மனுவைப் போட்டுவிடுங்கள்.