மூட்டை எல்லை தாண்டுமா?
கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறு விவசாயிகளும் பக்கத்து நாட்டுச் சந்தையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: உகாண்டாவில் மக்காச்சோளம் மிஞ்சுகிறது, பக்கத்து நாடான கென்யாவில் பற்றாக்குறை என்கிறார்கள். அப்புறம் ஏன் உகாண்டா விவசாயிக்கு விலை கிடைக்கவில்லை? (நாமக்கல் வாசகர்)

ப: பருவம் அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. உகாண்டாவில் முதல் போகம் ஜூன், ஜூலையில் வீட்டுக்கு வரும். கென்யாவின் பெரிய அறுவடை அக்டோபருக்குப் பிறகுதான். இடைப்பட்ட மாதங்களில் நைரோபி மாவு ஆலைகளுக்குச் சரக்கு தேவை. எல்லையில் புசியா, மலபா என்று சோதனைச் சாவடிகளும் இருக்கின்றன.

சிக்கல் களத்து மேட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஆலைக்காரர் 30 டன் லாரியாகக் கேட்பார். அதாவது 100 கிலோ மூட்டையில் 300. ஒரு குடும்பம் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தது போக மூன்று, நான்கு மூட்டைதான் விற்கும். ஆக ஒரு லாரி நிரம்ப எண்பது, நூறு வீடுகளைச் சுற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்பவர் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வரும் ஊர்த் தரகர். அவரை வில்லனாக்கிப் பேசுவது சுலபம். ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த மூட்டை நகராது.

தரகர் ஏமாற்றும் இடம் விலையைவிட எடையில்தான் அதிகம். தான்சானியாவில் இதற்கு 'லும்பேசா' என்று பெயரே உண்டு. சாக்கின் வாய்க்கு மேல் கூம்பாக நிரப்பி, கயிற்றால் பின்னிக் கட்டிவிட்டு, 'ஒரு மூட்டை' என்று விலை பேசுவார்கள். மூட்டை 100 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருந்தும் பழக்கம் போகவில்லை. ஊருக்கு ஒரு தராசு வாங்கி வைத்து, கிலோ கணக்கில்தான் பேச்சு என்று நின்றாலே பாதி நியாயம் கிடைத்துவிடும்.

கே: தரம் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறார்களாமே. எது தரம்? (பெரம்பலூர் வாசகர்)

ப: கென்யா, உகாண்டா, தான்சானியா உள்ளிட்ட நாடுகளின் வணிகக் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தில் மக்காச்சோளத்துக்குப் பொதுத் தர அளவு உண்டு. ஈரப்பதம் 13.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு, நூறு கோடியில் 10 பங்குக்கு மேல் கூடாது. இது வெறும் காகிதக் கண்டிப்பு அல்ல. 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் நஞ்சேறிய மக்காச்சோளம் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள்.

கதிர் ஒடிக்கும்போது ஈரம் 20 சதவீதத்துக்கும் மேலே இருக்கும். வெறுந்தரையில் கொட்டிக் காயவைத்தால் மண்ணிலிருக்கும் பூஞ்சை ஏறிவிடும். கதிரைத் தடியால் அடித்தால் மணி உடையும், உடைந்த மணிக்குள் பூஞ்சை இன்னும் வேகமாக நுழையும். அதனால் தார்ப்பாய் முதல் செலவு, கை இயந்திரமாவது வைத்து மணி உதிர்ப்பது இரண்டாவது செலவு. மற்றவை எல்லாம் பிறகு.

ஈரமானி இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை இருக்கிறது. மூடியுள்ள, நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு, மூன்று மேசைக்கரண்டி உலர்ந்த உப்பைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு வரை மணியைக் கொட்டி, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே, அவ்வளவுதான். 13.5க்கு வந்துவிட்டதாக நினைத்து மூட்டை கட்டி மாட்டிக்கொள்பவர்கள் பலர். ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் நல்ல வெயிலில் இன்னும் ஒரு நாள் போட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் காயவைக்காமல் விற்கிறார்கள்? கணக்குப் போட்டால் தெரியும். 18 சதவீத ஈரத்திலுள்ள 100 கிலோவை 13.5க்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 94.8 கிலோ. தரகர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால் ஐந்து கிலோவுக்கு மேல் விவசாயிக்கு நட்டம், உழைப்பும் வீண். காய்ந்த சரக்குக்குக் குறைந்தது ஐந்தரை சதவீதம் கூடுதல் விலை கொடுக்காத எந்த வாங்குபவருக்கும் தரம் பற்றிப் புகார் சொல்ல உரிமை கிடையாது என்பது எங்கள் கருத்து.

கே: கென்யா ஒருமுறை எல்லையையே மூடியதே? (கோவை வாசகர்)

ப: 2021 மார்ச்சில் உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தை அஃப்ளடாக்சினைக் காரணம் காட்டித் தடுத்தது. சில நாட்களில் நிபந்தனைகளோடு திறந்துவிட்டது: இறக்குமதியாளர் பதிவு, நஞ்சு அளவுக்கான சான்று, எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்று. பெரிய வியாபாரி சமாளித்துக்கொள்வார். சிறியவருக்குத்தான் அடி.

ஆய்வுக்கு மாதிரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நஞ்சு எல்லா மணியிலும் சமமாகப் பரவியிருக்காது, சில மணிகளில் மட்டும் குவிந்திருக்கும். மேல் மூட்டையில் ஒரு கை அள்ளிக் கொடுத்தால் ஒரு சோதனையில் தேறும், அடுத்ததில் தோற்கும். பல மூட்டைகளின் நடுவிலிருந்து குத்தூசி போட்டு எடுத்து, கலந்து, அரைத்த பிறகு சோதிக்க வேண்டும்.

கே: சுங்க ஏஜென்ட் இல்லாமல் சரக்கோடு எல்லை கடக்க முடியுமா? (மதுரை வாசகர்)

ப: முடியும். சரக்கின் மதிப்பு 2,000 டாலருக்குள் இருந்து, இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட பொதுப் பட்டியலில் உள்ள பொருளாகவும், கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக நாட்டில் விளைந்ததாகவும் இருந்தால், எல்லைச் சாவடியிலேயே சுங்க அதிகாரி எளிய மூலச் சான்றை, அதாவது எங்கே விளைந்தது என்ற சான்றை, இலவசமாகத் தருவார். டன் 250 டாலர் என்று வைத்துக்கொண்டால் 80 மூட்டை வரை இப்படிக் கொண்டுபோகலாம். பலர் சறுக்குவது பயிர் நலச் சான்றில், அதாவது சரக்கில் பூச்சியோ நோயோ இல்லை என்ற சான்றில். சுங்கத்தில்தான் சலுகை, பயிர் நலச் சான்றிலிருந்து விலக்கு இல்லை. அதை ஊரிலேயே வாங்காமல் சாவடிக்கு வந்து நிற்பவர்தான் கடைசியில் யாருக்காவது கையூட்டு கொடுக்கிறார், அல்லது பக்கத்துப் புதர்ப் பாதையில் போகிறார்.

கே: கைபேசியில் விலை தெரிந்தால் போதாதா?

ப: போதாது. நைரோபி விலை தெரிந்தாலும் ஈரமான மூன்று மூட்டைக்கு அந்த விலை வராது. பேரம் பேசக் கொஞ்சம் உதவும்.

கே: விலை ஏறும்வரை வைத்திருந்து விற்க வழியுண்டா? (விருதுநகர் வாசகர்)

ப: வீட்டில் வைக்கப் 'பிக்ஸ்' பை நல்லது. உள்ளே இரண்டு பாலித்தீன் உறை, வெளியே நெய்த சாக்கு. ஒவ்வோர் உறையையும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றித் தனித்தனியாகக் கட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் வண்டு மூச்சு முட்டிச் செத்துவிடும், மருந்து தேவையில்லை. ஈர மணியைப் போட்டால் மட்டும் பூஞ்சணம் பிடித்து எல்லாம் பாழ்.

கிடங்கு ரசீது முறையும் இருக்கிறது. தான்சானியாவில் 2005, உகாண்டாவில் 2006, கென்யாவில் 2019 முதல் சட்டமே உண்டு. உரிமம் பெற்ற கிடங்கில் எடை போட்டு, தரம் பார்த்துச் சரக்கை ஒப்படைத்தால் ரசீது தருவார்கள். அதை அடகு வைத்து மதிப்பில் ஒரு பகுதியை வங்கியில் கடனாக வாங்கலாம். தனி ஆள் மூன்று மூட்டையோடு போய்ப் பயனில்லை, குழுவாகத்தான் போக வேண்டும். கிடங்கு வாடகை, சுத்தம் செய்யும் கூலி, கடன் வட்டி மூன்றையும் கூட்டி, எதிர்பார்க்கும் விலையேற்றம் அதைத் தாண்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும். 2017இல் தான்சானியா செய்ததுபோல அரசு திடீரென்று ஏற்றுமதித் தடை போட்டால் ஏற்றம் வராது, வட்டி மட்டும் வரும். அதனால் பாதியை அறுவடையிலேயே விற்றுவிடுவது நல்லது. குழுவிலும் சரக்கு வந்த அன்றே ஒரு பங்கு ரொக்கம் கொடுக்காவிட்டால், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர் இரவோடு இரவாகத் தரகருக்குத்தான் விற்பார். கூட்டுறவுகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான்.

கே: எங்கள் ஊர்க் கடையில் ஆப்பிரிக்கத் துவரை என்கிறார்கள். அந்த விவசாயிக்கு நம்மால் லாபம்தானே? (தூத்துக்குடி வாசகர்)

ப: சில வருடங்களில் லாபம், சில வருடங்களில் அடி. நம் மொத்தச் சந்தையில் 'அருஷா' என்பது தான்சானியச் சரக்கு, 'கஜ்ரி' என்பது மொசாம்பிக் சரக்கு. அவர்கள் அறுவடை முடிந்து சரக்கு வந்து சேரும்போது நம் புதுத் துவரை இன்னும் வயலில் நிற்கும். 2016இல் மொசாம்பிக்குடன் இந்தியா ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னில் தொடங்கி இரண்டு லட்சம் டன்னாக உயர்த்துவதாகப் பேச்சு. அதை நம்பி விதைத்தவர்கள் ஏராளம். அடுத்த ஆண்டே இங்கே விளைச்சல் கொட்டியது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டது. ஒப்பந்த அளவுக்கு விலக்கு இருந்தும், மொசாம்பிக், மலாவி, தான்சானியா மூன்றிலும் களத்து விலை சரிந்தது. 2021இல்தான் இந்தியா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதே ஆண்டு மலாவியோடும் 50,000 டன்னுக்கு ஒப்பந்தம் செய்தது.

ஒரே நாட்டு வாங்குபவரை நம்பிய பயிருக்கு இதுதான் நிலை. மலாவியிலும், கென்ய, தான்சானியக் கடற்கரையிலும் துவரையை அவர்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள், தேங்காய்ப் பாலில்கூட. மொசாம்பிக்கில் உண்பவர் குறைவு, அதனால் அங்கே அடி பலமாக விழுந்தது. மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராக மட்டும் போடுபவருக்கு விலை விழுந்தாலும் இலை உதிர்ந்து மண்ணுக்கு உரம், தண்டு அடுப்புக்கு விறகு. தனிப்பயிராக முழு நிலத்திலும் போடச் சொல்லும் ஏற்றுமதியாளரிடம், குறைந்தபட்ச விலையை விதைப்புக்கு முன்னே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.